க்ஷயரோகிகளுக்கு ஓர் ஊர் கட்டிய டேனிஷ் டாக்டர்

திருப்பதி பஸ் நிலையத்தில் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் மலையைப் பார்த்தபடியே நடக்கிறார்கள். அடிவாரத்து ஊரில் ஜெர்மானியப் பாதிரிமார் ஒரு பள்ளிக்கூடம் நடத்தி வந்தார்கள் என்பதும், திருத்தணியில் பிறந்த ஒரு சிறுவன் 1896 முதல் 1900 வரை அதில் படித்தான் என்பதும் பலருக்குத் தெரியாத செய்தி. அந்தச் சிறுவன்தான் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். அங்கிருந்து வேலூர் ஊரீஸ் கல்லூரி, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி என்று படித்து, 1962-ல் ராஷ்டிரபதி ஆனார்.

பள்ளியை நடத்தியது ஹெர்மான்ஸ்பர்க் மிஷன். ஹெர்மான்ஸ்பர்க் என்பது வட ஜெர்மனியில் ஒரு கிராமம். அங்கே ஹார்ம்ஸ் என்ற பாதிரியார் 1849-ல் இந்த மிஷனைத் தொடங்கினார். பணம் கொடுத்தவர்கள் பெரும்பாலும் விவசாயிகள். 1860-களில் இவர்கள் தெலுங்கு நாட்டுக்கு வந்தார்கள். சூளூர்ப்பேட்டை, நாயுடுப்பேட்டை என்று இன்று சென்னை ரயிலில் கடந்து போகும் ஊர்களெல்லாம் அவர்களுக்கு வீடாயின. 1914-ல் யுத்தம் வந்தது. நேற்று வரை "ஐயா" என்று அழைக்கப்பட்டவர்கள் மறுநாள் எதிரி நாட்டார் ஆகிவிட்டார்கள். இந்தியாவில் இருந்த ஜெர்மானிய மிஷனரிகளைப் பிரிட்டிஷ் சர்க்கார் காவலில் வைத்தது. அவர்கள் விட்டுச்சென்ற வேலையைப் பின்னர் அமெரிக்க லூத்தரன் சபையார் ஏற்றார்கள்.

சித்தூரின் கதை வேறு. 1911-ல் தனி ஜில்லா ஆகும் வரை சித்தூர் வட ஆற்காட்டைச் சேர்ந்தது. ஸ்கடர் சகோதரர்கள் 1853-ல் நிறுவிய அமெரிக்க ஆற்காடு மிஷனின் முதல் நிலையங்களில் சித்தூரும் ஒன்று. மூத்தவர் ஹென்றி ஸ்கடர் பிறந்ததே யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில். தமிழ் அவர்களுக்குப் படித்து வந்த மொழி மட்டுமல்ல, விளையாடி வந்த மொழி. ஆனால் சித்தூர்ச் சந்தையில் தமிழ் மட்டும் போதாது, தெலுங்கும் வேண்டும். பிழைப்புக்காக இந்தப் பக்கம் வந்த தமிழர்கள் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். வேலூர் ஆஸ்பத்திரியை உருவாக்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் இதே குடும்பத்துப் பேத்தி. அந்த ஆஸ்பத்திரிக்கு இன்று சித்தூர் அருகிலும் ஒரு வளாகம் இருக்கிறது.

இவற்றையெல்லாம் விட மனசைத் தொடுவது, திருப்பதியிலிருந்து பீலேர் வழியாக மதனப்பள்ளிக்குப் போனால் வரும் ஆரோக்கியவரம். அப்போது அது சித்தூர் ஜில்லாவில் இருந்தது.

அந்தக் காலத்தில் க்ஷயரோகத்துக்கு மருந்தே இல்லை. எலும்புருக்கி என்று பெயர் சொல்லவும் பயந்தார்கள். வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால் தட்டு தனி, தம்ளர் தனி, திண்ணையில் படுக்கை தனி. பெண்ணுக்கு வந்தால் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆலையிலும் அச்சுக்கூடத்திலும் ஆபீசிலும் வேலை பார்த்தவர்கள் இருமலை மறைத்துக்கொண்டே போவார்கள். தெரிந்தால் வேலை போய்விடும். நோயை விட அந்தத் தனிமைதான் பலரைக் கொன்றது என்று சொன்னால் தவறாகாது.

தனியாக ஒரு சானடோரியம் கட்ட எந்த மிஷனுக்கும் வசதி போதவில்லை. அதனால் தென்னிந்தியாவில் பணியாற்றிய பல மிஷன்கள் கூட்டுச் சேர்ந்தன. மதனப்பள்ளிக்கு அருகே, கடல் மட்டத்துக்கு 2,000 அடிக்கு மேல், உலர்ந்த காற்றுள்ள இடத்தில் 1912-ல் வேலை ஆரம்பித்து, 1915-ல் சானடோரியம் திறக்கப்பட்டது. முதல் சூப்பரின்டென்டென்ட் டென்மார்க்கிலிருந்து வந்த டாக்டர் கிறிஸ்டியன் ஃப்ரிமோட் மொல்லர். டென்மார்க் என்றால் தமிழருக்குத் தரங்கம்பாடி ஞாபகம் வரும். இவரோ கடற்கரையே இல்லாத, பாறையும் புளிய மரமும் உள்ள சீமையில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார்.

வைத்தியம் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஓய்வு, நல்ல சாப்பாடு, திறந்த தாழ்வாரத்தில் காற்று, தினமும் ஜுரம் பார்த்துக் குறித்து வைப்பது. பிற்பாடு நெஞ்சுக்குள் காற்றைச் செலுத்தி நுரையீரலுக்கு ஓய்வு கொடுக்கும் முறை வந்தது. நோயாளி பல மாதங்கள் தங்க வேண்டும்; வருஷத்தையும் தாண்டலாம். அத்தனை காலம் தங்கினால் அது ஆஸ்பத்திரியாக இருக்க முடியாது, ஊராகத்தான் இருக்க முடியும். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசுகிறவர்கள் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தார்கள். வீட்டில் தட்டைத் தொட மறுக்கப்பட்டவர்களுக்கு இங்கே பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆள் இருந்தது. காலையில் குன்றின் மேல் வெயில் ஏறுவதைப் பார்ப்பதும் வைத்தியத்தில் சேர்த்தி. அழகு என்பதை மருந்துச் சீட்டில் எழுதிய இடம் அது.

(இதே மதனப்பள்ளியில்தான் 1919-ல் தாகூர் தங்கி "ஜன கண மன" கீதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அதன் மெட்டை ஸ்வரப்படுத்திய மார்கரெட் கசின்ஸ் அயர்லாந்துப் பெண்மணி. வந்தவர்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஏதோ ஒன்று அந்த மண்ணில் இருக்கிறது போலும்.)

மொல்லருக்குப் பின் வந்தவர்களில் டாக்டர் பி.வி. பெஞ்சமின் முக்கியமானவர். இவர் பின்னர் மத்திய சர்க்காரின் க்ஷயரோக ஆலோசகரானார். 1948-ல் இந்தியாவில் பி.சி.ஜி. ஊசி முதலில் போடத் தொடங்கிய இடங்களில் மதனப்பள்ளியும் ஒன்று. மொல்லரின் மகன் டாக்டர் யோஹன்னஸும் இங்கேயே உழைத்தார். அவர் நோயாளி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. சுற்று வட்டாரக் கிராமங்களுக்குப் போய், யாருக்கு நோய் இருக்கிறது, எப்படிப் பரவுகிறது என்று வருஷக்கணக்கில் ஆராய்ந்தார்.

1956-ல் சென்னையில் தொடங்கிய மற்றோர் ஆராய்ச்சி, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டிலேயே குணமாகலாம் என்று 1959-ல் காட்டியது. உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வந்தது. ஆரோக்கியவரம் மூடிவிடவில்லை, எல்லா நோய்க்கும் வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரியாக மாறி இன்றும் நடக்கிறது. இப்போது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் சளியைப் பரிசோதித்து இலவசமாகவே மாத்திரை தருகிறார்கள். சாதாரணமாக ஆறு மாதச் சிகிச்சை. ஓர் அறையில் நாலைந்து பேராகத் தங்கி வேலைக்குப் போகிறவர்கள் இருமலை இன்னமும் மறைக்கிறார்கள் என்பதுதான் டாக்டர்களின் குறை.