கடலோரப் பயணத்திற்கு ஏற்ற கயாக்

கயாக் என்பது பெரும்பாலும் ஒருவர் அமர்ந்து துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய படகு. ஆர்க்டிக் பகுதியில் வாழும் இனுவிட் மக்கள், மரத்தாலோ எலும்பாலோ சட்டம் அமைத்து, அதன்மேல் சீல் விலங்கின் தோலைப் போர்த்தி இதனைச் செய்தனர். வேட்டைக்காகத் தோன்றிய இப்படகு, இன்று கடலோரச் சுற்றுலாவிற்கும் பயன்படுகிறது.

கடற்பயணக் கயாக்குகள் பல, 5 மீட்டர் நீளமோ அதற்கு மேலோ உடையவை. படகு நீண்டால் அதன் உச்ச வேகமும் கூடும் என்பது உண்மையே. ஆயினும், கரையோரமாகச் செல்வோர் மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் வேகத்திலேயே துடுப்பு வலிக்கின்றனர். அவ்வேகத்தில் படகைத் தடுப்பது பெரும்பாலும் நீரின் உராய்வே. அதே அகலமுள்ள 4 மீட்டர் படகில் நீரைத் தொடும் பரப்பு குறைவு. எனவே உராய்வும் குறைவு.

மேலும், பாறைகளுக்கிடையிலும் குறுகிய கழிகளிலும் சிறிய படகு எளிதில் திரும்பும். பக்கக் காற்று தாக்கும் பரப்பும் அதில் குறைவு. எடை குறைந்ததாதலால், கரையேறியதும் அலை எட்டாத இடத்திற்குத் தூக்கிச் செல்லலாம். இவற்றால் பயணியின் வலிமை வீணாவதில்லை. படகு கவிழ்ந்தால், அதனை நிமிர்த்தி மீண்டும் ஏறுவதற்கு அவ்வலிமையே துணை.

சிறிய படகிற்குக் குறைகளும் உண்டு. அதனை நேராகச் செலுத்தச் சற்றே கூடுதல் கவனம் வேண்டும். பலநாள் பயணத்திற்குரிய உணவும் கூடாரமும் ஏற்ற நீண்ட படகே வசதியானது. ஒருநாள் உலாவிற்கோ சிறியதே போதும். செல்லும் வழிக்கும் செலுத்துபவரின் வலிமைக்கும் பொருந்தும் படகே நல்ல படகு.