தரையில் விரிந்த முகங்கள்

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் இருக்கிறது அல்காட்ரஸ் தீவு; ஒரு காலத்தில் பேர்போன சிறை. 2014-இல் அங்கே சீனக் கலைஞர் ஐ வெய்வெய், குழந்தைகள் விளையாடும் லெகோ கட்டைகளால் 176 முகங்களைத் தரையில் விரித்தார். எல்லாம் கொள்கைக்காகச் சிறைப்பட்டவர்கள், நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தவர்களின் முகங்கள். மண்டேலாவும் உண்டு. மொத்தம் 12 லட்சத்துக்கும் அதிகமான கட்டைகள்!

புகைப்படத்தைச் சிறுசிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நிறம் பார்த்து ஒரு கட்டை பதிக்க வேண்டும். குனிந்து பார்த்தால் கன்னம் இருக்குமிடத்தில் வண்ணக் கட்டங்கள் மட்டுமே. சற்றுத் தள்ளி நின்றால் கண்ணும் மூக்கும் கூடிவரும். பொறுமையான, அருமையான வேலை.

வெய்வெய்யின் பாஸ்போர்ட் அப்போது சீன அரசின் கையில். பெய்ஜிங்கிலிருந்தே அவர் வடிவமைக்க, சான் பிரான்சிஸ்கோவில் தன்னார்வலர்கள் உட்கார்ந்து பல முகங்களைக் கோத்துக் கொடுத்தார்கள். அந்தக் கண்காட்சியை அவரால் நேரில் பார்க்க முடியவில்லை.