டிஸ்ட்ரோபின் பிறபொருளெதிரி

டிஸ்ட்ரோபின் பிறபொருளெதிரி என்பது தசை இழைகளில் டிஸ்ட்ரோபின் என்னும் புரதம் உள்ளதா எனக் கண்டறிய ஆய்வுக்கூடங்களில் பயன்படும் பிறபொருளெதிரி ஆகும். ஒன்றுபோல் தோன்றும் தசைச்சிதைவு நோய்களைப் பிரித்தறிய இது உதவுகிறது.

டிஸ்ட்ரோபின், தசை இழையின் மென்சவ்வுக்கு உட்புறமாக அமைந்த சட்டகப் புரதம். இதன் ஒரு முனை அக்டின் இழைகளையும், மறுமுனைப் பகுதி மென்சவ்விலுள்ள புரதத் தொகுதியையும் பற்றியிருக்கும். தசை சுருங்கும்போது மென்சவ்வு கிழியாமல் காப்பது இதன் பணி. இப்புரதம் அறவே இல்லாவிடில் டுசேன் தசைச்சிதைவு நோயும், குறைந்தோ குறுகியோ இருந்தால் மிதமான பெக்கர் வகையும் ஏற்படுகின்றன.

வரலாறு

இங்கு மரபணு முதலிலும் புரதம் பின்னரும் அறியப்பட்டன. மரபணுவின் ஒரு பகுதியைக் கொண்டு ஆக்கிய புரதத் துண்டுகளை விலங்குகளுக்குச் செலுத்திப் பிறபொருளெதிரி பெறப்பட்டது. அதைக் கொண்டே எரிக் ஹாஃப்மன், ராபர்ட் பிரவுன், லூயி குங்கெல் ஆகியோர் 1987 இல் இப்புரதத்தை அடையாளங்கண்டு பெயரிட்டனர்.

சோதனை முறை

நோயாளியின் தசைத் துணுக்கு உடனே உறையவைக்கப்பட்டு, மெல்லிய சீவல்களாக வெட்டப்படுகிறது. அதன்மீது பிறபொருளெதிரியும், பின்னர் அதைப் பற்றும் சாயமேற்றிய இரண்டாவது பிறபொருளெதிரியும் இடப்படுகின்றன. இயல்பான தசையில் ஒவ்வோர் இழையைச் சுற்றியும் ஒரு வளையம் தெரியும். டுசேன் நோயில் வளையம் இராது. எனினும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில இழைகள் சாயமேற்பதுண்டு. பெக்கர் வகையில் வளையம் மங்கியோ விட்டுவிட்டோ காணப்படும்.

ஒரே பிறபொருளெதிரியை நம்புவது பிழைக்கு இடமளிக்கும். புரதத்தின் நடுப்பகுதி மட்டும் குறைந்த பெக்கர் நோயாளியிடம், அப்பகுதியைப் பற்றும் பிறபொருளெதிரி எதையும் காட்டாது போகலாம். ஆகவே நடுத்தண்டு, இரு முனைகள் ஆகியவற்றுக்குத் தனித்தனியாக மூன்று பயன்படுத்தப்படுகின்றன. கூடவே, மற்றொரு மென்சவ்வுச் சட்டகப் புரதமான ஸ்பெக்ட்ரினும் சோதிக்கப்படும். அதுவும் தெரியாவிட்டால் குறை நோயாளியிடம் அன்று, துணுக்கிலேயே எனக் கொள்ள வேண்டும். வெப்பம் மிகுந்த ஊர்களிலிருந்து உறைநிலை குலையாமல் துணுக்கை அனுப்புவது எளிதன்று.

தமிழ்நாட்டுச் சூழலில்

முறைமாமன், அத்தை மகன் எனச் சொந்தத்தில் மணம் முடிக்கும் குடும்பங்களில் இச்சோதனைக்குத் தனிப் பொருளுண்டு. டுசேன் நோயின் மரபணு எக்ஸ் நிறப்புரியில் உள்ளது. உறவுமணம் அதற்குக் காரணமன்று. தாய் கடத்தியாயின் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரும் வாய்ப்பு 50 விழுக்காடு. தாயின் சகோதரிகளும் கடத்திகளாக இருக்கலாம். சார்க்கோகிளைக்கன் புரதக் குறைபாடும் இதே அறிகுறிகளைத் தரும். ஆனால் அது பெற்றோர் இருவரிடமிருந்தும் வருவது. உறவுமணத்தில் அதன் வாய்ப்பு கூடும். ஆண், பெண் வேறுபாடின்றி ஒவ்வொரு குழந்தைக்கும் 25 விழுக்காடு. அடுத்த கருவுறுதலின்போது யாருக்கு எந்தச் சோதனை என்பது இவ்வேறுபாட்டைப் பொறுத்ததே. டிஸ்ட்ரோபின் இல்லாத தசையில் சார்க்கோகிளைக்கனும் குறைந்தே காணப்படும். எனவே இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தற்போது இரத்தத்தில் செய்யப்படும் மரபணுச் சோதனையே முதலில் மேற்கொள்ளப்படுகிறது. அதில் விடை கிடைக்காதபோதும், புதிய மருந்துகளால் தசையில் எவ்வளவு டிஸ்ட்ரோபின் உருவானது என அளக்கவும் பிறபொருளெதிரி தேவைப்படுகிறது. 2016 இல் அமெரிக்காவில் எட்டெப்லிர்சென் மருந்துக்கு அளிக்கப்பட்ட ஒப்புதல் இத்தகைய அளவீட்டையே சார்ந்திருந்தது. அளக்கப்பட்ட அளவு இயல்பில் 1 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்ததால் அவ்வொப்புதல் பெரும் விவாதத்துக்குள்ளானது.