காற்றோடு கடலைச் சேர்த்த கணக்கு

1969இல் பிறந்த அந்தக் கணினி உலகத்தில் ஆசியாவும் இல்லை, ஆப்பிரிக்காவும் இல்லை. வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை ஒரு துண்டு. அதில் பாதி நிலம், பாதி கடல். பூமிப் பரப்பில் ஆறில் ஒரு பங்குதான். ஆனால் காற்றும் கடலும் ஒன்றையொன்று மாற்றுகிற முதல் காலநிலை மாதிரி அதுதான். அமைத்தவர்கள் அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் பணியாற்றிய சுகுரோ மனாபேயும் கர்க் பிரையனும்.

அவர்களைத் திணறடித்தது வேகம். காற்றில் நேரும் மாற்றம் சில வாரங்களில் அடங்கிவிடும். ஆழ்கடல் ஒரு நிலைக்கு வரப் பல நூற்றாண்டுகள் ஆகும். முழு வளிமண்டலமும் தாங்கும் வெப்பத்தைக் கடலின் மேல் மூன்று மீட்டர் நீரே தாங்கிவிடும். அதனால் காற்றுக்கு ஓராண்டு, கடலுக்கு நூறாண்டு என்று இருவேறு காலக்கணக்கில் ஓட்டினார்கள். யுனிவாக் 1108 கணினி ஏறத்தாழ 1,100 மணி நேரம் உழைத்தது. அப்போதும் ஆழ்கடல் அடங்கியபாடில்லை.

உழைப்பு வீண்போகவில்லை. நீரோட்டங்கள் வெப்பத்தை வடக்கே சுமந்து சென்றன. துருவத்துக்கும் வெப்பமண்டலத்துக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு குறைந்தது. நிலநடுக்கோட்டில் அடியிலிருந்து மேலேறிய குளிர்நீர் அங்கே மழையை மட்டுப்படுத்தியது. கடலை அசையாத ஈரத்தரையாக வைத்த மாதிரியில் இவை எதுவும் தெரியாது.

உண்மையான உலக வரைபடத்துக்கு வந்தபோது புதுச் சிக்கல். காற்றுக் கணக்கின் சிறு பிழையும் கடல் கணக்கின் சிறு பிழையும் சேர்ந்து, கரியமில வாயு கூடாதபோதே மாதிரியின் தட்பவெப்பம் மெல்ல நழுவத் தொடங்கியது. நழுவலைத் தடுக்க, கடல்மட்டத்தில் செயற்கையாக வெப்பத்தையும் நன்னீரையும் கூட்டிக் குறைத்தார்கள். 1980களிலும் 90களிலும் இந்த ஒட்டுப்போடும் வேலை பரவலாக நடந்தது. சில கடற்பகுதிகளில் அந்தத் திருத்தம், கரியமில வாயு இரட்டிப்பாவதன் விளைவைவிடப் பெரிதாக இருந்தது. இப்படி ஒட்டுப்போட்ட மாதிரியை எப்படி நம்புவது என்று விமர்சகர்கள் கேட்டது நியாயமான கேள்விதான். 90களின் இறுதியில் பிரிட்டனின் ஹாட்லி மையம் உருவாக்கிய ஹாட்சிஎம்3 மாதிரி, எந்தத் திருத்தமும் இல்லாமலேயே நிலையாக ஓடியது.

இதற்கிடையே 1991இல் மனாபேயும் சகாக்களும், தென்முனைக் கடல் மிக மெதுவாகவே சூடேறும் என்று கணித்தார்கள். அங்கே வெப்பம் நீரின் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. பின்வந்த அளவீடுகளும் அதையே காட்டின. 2021இல் மனாபேக்கு இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

பருவமழைக் கணிப்புக்கும் காற்றையும் கடலையும் இணைப்பதே உயிர்நாடி. மேகமும் காற்றும் கடலைக் குளிர்விக்கின்றன. கடலின் வெப்பத்தை முன்கூட்டி நிர்ணயித்துவிட்டால் மாதிரியில் அந்த எதிர்வினையே இராது. புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலையியல் கழகம் பருவமழை முன்கணிப்புக்காக எடுத்துக்கொண்ட சிஎஃப்எஸ்வி2 இணை மாதிரி, இந்திய நிலப்பரப்பில் மழையைக் குறைத்தே காட்டியது. அந்தப் பிழையைக் களைவதே அங்குள்ள ஆய்வாளர்களுக்கு முக்கிய வேலையானது.