போர்வை குலைந்த கிருமி

நெருப்புக் காய்ச்சல் என மக்கள் அஞ்சும் தைபோயிட்டு நோயை விளைவிப்பது, கண்ணுக்குப் புலனாகாத ஒரு பற்றீரியா. குடலின் பித்தநீருக்கும் குருதியின் எதிர்ப்பாற்றலுக்கும் அது ஈடுகொடுத்து வாழ்வது எவ்வாறு? அதன் புறமென்சவ்வே அதற்குக் கவசம். அக்கவசத்தை இலிப்போபல்சக்கரைட்டு என்னும் பொருள் வெளிப்புறத்தே போர்த்திருக்கிறது. அதன் கொழுப்புப் பகுதி மென்சவ்விற் பதிந்திருக்க, வெல்ல மூலக்கூறுகள் சங்கிலிபோற் கோக்கப்பட்டு வெளியே நீண்டிருக்கும்.

இச்சங்கிலியைக் கோக்கும் தொழிலைப் பல நொதியங்கள் பகிர்ந்து செய்கின்றன. ஒவ்வொரு நொதியத்தையும் ஆக்குதற்குரிய கட்டளை ஒரு பரம்பரை அலகில் உண்டு. அவ்வலகு விகாரமுற்றால், சங்கிலி இடையிலே நின்றுவிடும். 1921ஆம் ஆண்டில் ஆர்க்ரைட் என்னும் ஆங்கில அறிஞர், வழுவழுப்பான கூட்டங்களாக வளரும் பற்றீரியாக்களிடையே சொரசொரப்பான கூட்டங்களும் தோன்றுவதை விவரித்தார். போர்வை குறைந்ததன் அடையாளமே அச்சொரசொரப்பு என்பது பின்னரே தெளிவாயிற்று.

போர்வை குறைந்த கிருமி வலுவிழக்கும். அதனையே தடுப்பு மருந்தாக வழங்கலாகாதா எனின், அங்கே ஓர் இடர் உண்டு. உடல் கிருமியை இனங்கண்டு பிறபொருளெதிரிகளை ஆக்குவதும் அவ்வெல்லச் சங்கிலியைக் கொண்டே. அடையாளம் அழிந்த பகைவனைக் காட்டிக் காவலனைப் பழக்குவது எங்ஙனம்?

1975இல் சுவிற்சர்லாந்தின் பேண் நகரில் ஜெர்மானியே, பியூரர் என்னும் இருவர் இதற்கு ஒரு விடை கண்டனர். இரசாயனப் பொருளால் விகாரப்படுத்தி அவர்கள் பெற்ற கிருமிக்கு, கலற்றோசு என்னும் வெல்லத்தைத் தானே ஆக்கிக்கொள்ளும் நொதியம் இல்லை. ஆதலால் அதன் சங்கிலி முற்றுப்பெறாது. வெளியிலிருந்து கலற்றோசு கிட்டினால் போர்வை நிறைவெய்தும். உடலும் அதனை இனங்காணும். ஆயின், எஞ்சிய கலற்றோசை மாற்றிச் செலவிட வழியின்மையால், அது கலத்துள்ளே தேங்கிக் கிருமியையே வெடித்தழியச் செய்யும்.

எகிப்தின் அலெக்சாந்திரியாவில் 1978இல் தொடங்கிய சோதனையில் ஏறத்தாழ 32,000 பாடசாலைப் பிள்ளைகள் பங்குகொண்டனர். வாய்வழி ஊட்டப்பட்ட இம்மருந்து மூன்றாண்டுகளில் 96 வீதப் பாதுகாப்பளித்தது. பின்னர் சிலி நாட்டின் சந்தியாகோவில், குளிசை வடிவில் வழங்கியபோது, அது ஏறத்தாழ 67 வீதமாகவே இருந்தது.

கதை இத்துடன் முடியவில்லை. அதே பரம்பரை அலகையும், ‘வீ’ எனப்படும் புற உறையையும் இழக்கச் செய்த மற்றொரு கிருமியைத் தன்னார்வலர் சிலர் உட்கொண்டனர். அவர்களிற் சிலரைக் காய்ச்சல் பற்றிக்கொண்டது என 1988இல் வெளியான ஆய்வு அறிவித்தது. எனவே, முதற் கிருமியைத் தீங்கற்றதாக்கியது அந்த ஒரு குறை மாத்திரமன்று; அதனுடன் சேர்ந்து நேர்ந்திருந்த வேறு விகாரங்களும் என்பது புலனாயிற்று. விளக்கம் எத்துணை அழகுடையதாயினும், சோதித்தறிந்த பின்னரே அதனை நம்பி ஒரு குழந்தையின் வாயில் மருந்தை ஊட்டலாம்.