ஏற்றத்தில் தெரியும் கியரின் அருமை

சைக்கிள் வாங்கச் செல்பவர் கடையில் முதலில் கேட்கும் கேள்வி, "இதில் எத்தனை கியர்?" என்பதே. இருபத்தொன்று என்பார் ஒருவர்; இருபத்துநான்கு என்பார் மற்றொருவர். எண் உயர உயரப் பொருளும் உயர்ந்தது என்று நம்பி, பலர் பல மாதச் சேமிப்பைக் கொடுத்துவிட்டு வீடு திரும்புகின்றனர். பின்னர் முதல் மலையேற்றத்திலேயே இறங்கி வண்டியைத் தள்ளுகின்றனர். தார்ச் சாலையிலும் சரளைக்கல் பாதையிலும் ஓட்டுவதற்கு, அளவான செலவில் எத்தகைய கியர்த் தொகுதியைத் தேர்ந்தெடுப்பது என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

கியர்த் தொகுதி என்று நாம் குறிப்பிடுவது, காலின் வலிமையைப் பின்சக்கரத்திற்குக் கொண்டு செல்லும் உறுப்புகள் அனைத்தையுமாம். பெடலைத் தாங்கும் கிராங்கு, அதனுடன் சுழலும் முன் பற்சக்கரம், சங்கிலி, பின்சக்கரத்தில் அடுக்கடுக்காக அமைந்த பற்சக்கரங்களாகிய காசெட், சங்கிலியை ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு நகர்த்தும் மாற்றி, அதை இயக்கும் கைநெம்பு ஆகியவை அவை.

இவற்றின் தத்துவம் எளிய வகுத்தல் கணக்கே. முன்னுள்ள பற்களின் எண்ணிக்கையைப் பின்னுள்ள பற்களின் எண்ணிக்கையால் வகுத்தால், பெடல் ஒருமுறை சுற்றும்போது சக்கரம் எத்தனை முறை சுற்றும் என்பது கிடைக்கும். நம் நாட்டில் பால்காரரும் தபால்காரரும் தலைமுறைகளாக ஓட்டிவந்த ஒற்றைக் கியர் சைக்கிளில் முன்னே 44 பற்களும் பின்னே 18 பற்களும் இருப்பது வழக்கம். பெடலின் ஒரு சுற்றுக்கு அவ்வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் செல்லும். சமவெளிக்கு இது மிகப் பொருத்தமான அளவு.

அதே வண்டியை மலைச்சாலைக்குக் கொண்டு செல்வோம். நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் உயரும் ஏற்றத்தில், சாதாரண உடல்வலிமை உடையவர் மணிக்கு ஏழு அல்லது எட்டு கிலோமீட்டர் வேகத்தில்தான் ஏற இயலும். அவ்வேகத்தில் ஒற்றைக் கியர் வண்டியின் பெடல் நிமிடத்திற்கு 24 முறையே சுற்றும். ஒவ்வொரு மிதிக்கும் உடல் எடை முழுவதையும் சாய்த்து நெரிக்க வேண்டியிருக்கும். முன்னே 34 பற்களும் பின்னே 34 பற்களும் உள்ள வண்டியிலோ, ஒரு சுற்றுக்கு 2.15 மீட்டரே செல்வதால், அதே வேகத்தில் நிமிடத்திற்கு 60 முறை இலகுவாகச் சுற்றலாம். செய்யும் வேலை இரண்டிலும் ஒன்றே. ஆனால் முன்னதில் முழங்கால் தாங்கும் விசை ஏறத்தாழ இரண்டரை மடங்கு. ஆகவே கியர்த் தொகுதியின் தகுதியை அளக்க முதலில் பார்க்க வேண்டியது அதன் மிகத் தாழ்ந்த கியரையே ஆகும்.

தாழ்ந்த கியரை நாடுவது பலவீனத்தின் அடையாளம் என்று எண்ணுவோர் இன்றும் உளர். இவ்வெண்ணம் புதிதன்று. டூர் தி பிரான்ஸ் பந்தயத்தைத் தோற்றுவித்த ஆன்ரி டெகிராஞ்சு, கியர் மாற்றுதல் வயது முதிர்ந்தவர்க்கே உரியது என்ற கருத்துடையவர். அப்பந்தயத்தில் வீரர் அனைவர்க்கும் சங்கிலி மாற்றி அனுமதிக்கப்பட்டது 1937ஆம் ஆண்டில்தான். அதன் பின்னர் அதைத் துறந்து பழைய முறைக்குத் திரும்பிய பந்தயவீரர் எவர்? உலகின் தலைசிறந்த கால்களே நாடிய உதவியை நாம் நாடுவதில் நாணம் வேண்டியதில்லை.

நம் நாட்டிலேயே இதற்கு உரைகல்லாக ஒரு பாதை உண்டு. மணாலியிலிருந்து லே நகருக்குச் செல்லும் மலைச்சாலை அது. கட்டா லூப்ஸ் என்னுமிடத்தில் 21 கொண்டையூசி வளைவுகள் அடுக்கடுக்காக ஏறுகின்றன. அப்பால் உள்ள டக்லங் லா கணவாயின் உயரம் 5,328 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதியே. மூச்சு வாங்க வாங்க உடலின் ஆற்றல் குறையும். வண்டியிலோ கூடாரமும் உடையும் உணவும் கனக்கும். தார் பெயர்ந்த இடங்களில் சரளைக்கல்லில் சக்கரம் வழுக்கும். அத்தகைய பயணத்திற்கு 34க்கு 34 என்பதும் போதாது; முன் பற்சக்கரம் பின்னதைவிடச் சிறியதாக இருத்தல் நலம். முன்னே 30, பின்னே 34 என்றால் ஒரு சுற்றுக்கு 1.9 மீட்டர். முன்னே 40, பின்னே 48 என்றால் 1.8 மீட்டர்.

இனி, முன்னே இரண்டு பற்சக்கரங்கள் வேண்டுமா, ஒன்று போதுமா என்னும் வினா எழுகிறது. இரண்டிருந்தால் கியர்களுக்கிடையே உள்ள படிகள் நெருக்கமாக அமையும். எதிர்காற்றில் நீண்ட தூரம் செல்வோர்க்கு இது பெரும் ஆறுதல். ஒன்றே இருந்தால் முன்மாற்றியும் அதன் கம்பியும் நெம்பும் இல்லை. சேறும் புழுதியும் நிறைந்த பாதையில் பழுதுக்கு இடம் குறைவு. ஆனால் படிகள் அகன்றிருக்கும்: 28 பல்லிலிருந்து அடுத்தது 34, அதன்பின் 40, பிறகு 48 என்று தாவும். உச்ச வேகமும் சற்றுக் குறையும். முன்னே 40, பின்னே 11 என்ற கியரில் நிமிடத்திற்கு 90 சுற்றுச் சுற்றினால் மணிக்கு 42 கிலோமீட்டர். மூட்டையுடன் பயணம் செல்வோர்க்கு அதற்கு மேல் வேகம் எதற்கு? ஆகவே பெரும்பகுதி தார்ச்சாலையில் ஓட்டுவோர்க்கு இரண்டும், பெரும்பகுதி கரடுமுரடான பாதையில் ஓட்டுவோர்க்கு ஒன்றும் ஏற்றவை எனலாம்.

இருபத்துநான்கு கியர் என்னும் கணக்கின் மயக்கத்தையும் இங்கே தெளிவுபடுத்துவோம். முன்னே 50, பின்னே 30 தரும் கியரும், முன்னே 34, பின்னே 20 தரும் கியரும் ஏறக்குறைய ஒன்றே. இவ்வாறு ஒன்றன்மேல் ஒன்றாக விழுவன பல. எண்ணிக்கையில் மிகுந்தவை யாவும் பயனில் மிகுந்தவை அல்ல.

பின்னே எத்தனை பற்சக்கரங்கள் வேண்டும் என்பது அடுத்த செய்தி. எட்டு முதல் பன்னிரண்டு வரை இன்று கிடைக்கின்றன. எண் கூடக் கூடச் சங்கிலி மெலிகிறது. எட்டுக்குரிய சங்கிலியின் அகலம் ஏழு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பதினொன்றுக்குரியது ஐந்தரை மில்லிமீட்டர் அளவே. மெல்லிய சங்கிலிக்கும் அதற்கேற்ற காசெட்டுக்கும் விலை மிகுதி; சிறிய ஊர்க் கடைகளில் அவை கிடைப்பதும் அரிது. சங்கிலியும் காசெட்டும் தேய்ந்து தேய்ந்து மீண்டும் மீண்டும் வாங்க வேண்டிய பொருள்கள் என்பதை மறத்தலாகாது. வாங்கும் நாளின் விலையை மட்டும் பார்ப்பவர், பின்னர் ஆண்டுதோறும் அதற்குக் கப்பம் கட்ட நேரும். அளவான வருவாய் உடையவர்க்கு எட்டு, ஒன்பது அல்லது பத்து பின் பற்சக்கரங்கள் உள்ள தொகுதியே உகந்தது என்பது நமது கருத்து.

மிக மலிவான வண்டிகளில் பின் பற்சக்கரங்கள் திருகி மாட்டும் ஃபிரீவீலாக இருக்கும். அதில் அச்சின் தாங்குமிடம் உள்ளே தள்ளி அமைவதால், சுமையோடு குண்டும் குழியுமான பாதையில் செல்லும்போது அச்சு வளையக்கூடும். காசெட் பொருத்தும் வகையையே கேட்டு வாங்குதல் நலம்.

உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிச் சேர்ப்போர்க்கு ஓர் எச்சரிக்கை. கைநெம்பு ஒருமுறை இழுக்கும் கம்பியின் நீளமும், மாற்றி நகரும் தூரமும் ஒத்திருந்தால்தான் சங்கிலி உரிய பல்லில் அமரும். ஷிமானோ நிறுவனத்தின் சாலைவகைகளில் கிளாரிஸ் எட்டும், சோரா ஒன்பதும் உடையவை. அவ்விரண்டின் கைநெம்புகளும் அந்நிறுவனத்தின் மலைவகை எட்டு, ஒன்பது கியர்ப் பின்மாற்றிகளோடு இணங்குவன. ஆகையால் பெரிய காசெட் பொருத்த வழியுண்டு. ஆனால் அதே நிறுவனத்தின் 4700 வரிசை டியாக்ரா, முந்திய பத்துக் கியர் உறுப்புகளோடு இணங்காது. 2023ஆம் ஆண்டில் வந்த கியூஸ் என்னும் குடும்பமும் பழைய குடும்பங்களோடு கலவாதது. எனவே பெயரும் நிறுவனமும் ஒன்றாயிருப்பது மட்டும் போதாது; வரிசை எண்ணையும் பார்க்க வேண்டும்.

கையில் ஏற்கெனவே நல்ல சைக்கிள் இருப்பின் புதிது வாங்கவே தேவையில்லாமற் போகலாம். பின்னுள்ள பெரிய பல் 28 ஆக இருந்தால் அதை 34 ஆக்குவதொன்றே ஏற்றத்தை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இலகுவாக்கும். மாற்றி அப்பெரிய பல்லைத் தாங்குமா, சங்கிலியின் நீளம் போதுமா என்பவற்றை மட்டும் மெக்கானிக்கிடம் கேட்டறிதல் வேண்டும்.

எத்தொகுதியை வாங்கினாலும் அதன் ஆயுள் நம் கையில் உள்ளது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் அரை அங்குலம். ஆகவே 24 கண்ணிகள் சரியாகப் பன்னிரண்டு அங்குலம் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை ஓர் எஃகு அளவுகோலால் அளந்து பாருங்கள். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் சங்கிலியை மாற்றிவிடுங்கள், காசெட் பிழைத்துக்கொள்ளும். எட்டில் ஒரு பங்கு கூடும்வரை காத்திருந்தால், பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டிவரும்.

ஆகவே கடைக்குச் செல்லும்போது மூன்று கேள்விகளைக் கேட்போம். இதன் மிகத் தாழ்ந்த கியர் எது? இதன் சங்கிலியும் காசெட்டும் என்ன விலை? அவை நம் ஊரிலும் நாம் செல்லும் வழியிலும் கிடைக்குமா? இம்மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்த பின்னர், எத்தனை கியர் என்பதைக் கேட்டாலும் போதும்.