ஃபோல்டர் திறக்கவில்லையா? 'எவ்ரிஒன்' பக்கம் போகாதீர்கள்!

பழைய கம்ப்யூட்டரில் நாலு டெராபைட் ஹார்டு டிஸ்க்கைப் போட்டு, வீட்டு சர்வராக மாற்றிக்கொள்வது நடுத்தரக் குடும்பங்களிலும் பரவிவிட்டது. கல்யாண வீடியோ, வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், பிள்ளைகளின் மார்க் ஷீட் என எல்லாம் அதில்தான். மாதாமாதம் கிளவுடுக்குச் சந்தா கட்ட வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால், நேற்றுவரை திறந்த ஷேர்டு ஃபோல்டர் இன்று 'அனுமதி இல்லை' என்கிறபோது, அதைச் சரிசெய்வதற்காக வீடுகளில் செய்யப்படும் காரியங்கள்தான் கவலை தருகின்றன.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் நடந்தது இது. மகளின் லேப்டாப்பில் மட்டும் ஃபோல்டர் திறக்கவில்லை. வந்த டெக்னீஷியன் சர்வரில் அந்த ஃபோல்டரை ரைட் க்ளிக் செய்து, ஷேரிங் பகுதியில் 'எவ்ரிஒன்' என்பதைச் சேர்த்து 'ஃபுல் கன்ட்ரோல்' கட்டத்தில் டிக் அடித்தார். செக்யூரிட்டி பகுதியிலும் அதையே செய்தார். பாஸ்வேர்டு கேட்கும் வசதியை அணைத்தார். போதாததற்கு ஃபயர்வாலையும் அணைத்து, ஃபோல்டர்களைப் பகிர்வதற்கான எஸ்.எம்.பி 1 என்ற பழைய நெறிமுறையை உயிர்ப்பித்து, ரீஸ்டார்ட் செய்தார். ஃபோல்டர் திறந்தது, பணம் வாங்கிக்கொண்டு போனார்.

உண்மையில் அங்கே என்ன கோளாறு? சர்வரில் மகளின் கணக்குக்கு அந்த வாரம்தான் பாஸ்வேர்டு மாற்றியிருந்தார்கள். லேப்டாப்பின் 'கிரெடென்ஷியல் மேனேஜர்' பழைய பாஸ்வேர்டையே சேமித்து வைத்துக்கொண்டு அனுப்பிக்கொண்டிருந்தது. கன்ட்ரோல் பேனலில் அந்த ஒரு வரியை நீக்கிப் புதிய பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தால் வேலை முடிந்திருக்கும்.

பெரும்பாலான கோளாறுகள் இப்படிச் சின்னவைதான். வரிசையாகப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

முதலில், சர்வர் கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். 'நெட்வொர்க்' பட்டியலில் பெயர் தெரியாததாலேயே சர்வர் போய்விட்டது என்று அர்த்தமில்லை. மேலே உள்ள முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு, சர்வரின் ஐ.பி. முகவரியை, உதாரணமாக 192.168.1.10 என்று, அடித்துப் பாருங்கள். திறந்தால் பெயரைக் கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். பெர்மிஷனைத் தொடவே வேண்டாம். திறக்காவிட்டால், கரன்ட் போய் வந்த பிறகு ரௌட்டர் சர்வருக்கு வேறு முகவரி கொடுத்திருக்கலாம். ரௌட்டரிலேயே அந்த முகவரியை சர்வருக்கென்று ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை திரும்ப வராது.

ஃபைபர் இணைப்புக்காரர்கள் வைத்த பெட்டி ஒன்று, நாமே வாங்கிய வைஃபை ரௌட்டர் ஒன்று என இரண்டு உள்ள வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. சர்வர் ஒன்றிலும் லேப்டாப் மற்றொன்றிலும் சேர்ந்திருந்தால், ஒரே வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க் ஆகிவிடும். லேப்டாப் 192.168.0 என்றும் சர்வர் 192.168.1 என்றும் தொடங்கும் முகவரிகளைக் காட்டினால் சந்தேகப்படுங்கள். 'கெஸ்ட்' வைஃபையில் சேர்ந்த லேப்டாப்பும் சர்வரைப் பார்க்காது. சர்வரில் நெட்வொர்க் வகை 'பப்ளிக்' என்று மாறியிருந்தாலும் மற்ற கம்ப்யூட்டர்களிலிருந்து வரும் கோரிக்கையை ஃபயர்வால் தடுக்கும். அதை 'பிரைவேட்' ஆக்கினால் போதும். ஃபயர்வாலை அணைக்கத் தேவையில்லை.

அடுத்தது பாஸ்வேர்டு. தினமும் நாலு இலக்க 'பின்' (PIN) போட்டு நுழைந்து பழகியவர்கள், சர்வர் பாஸ்வேர்டு கேட்கும்போதும் அதையே அடிக்கிறார்கள். 'பின்' அந்தந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான், நெட்வொர்க்கில் செல்லாது. பாஸ்வேர்டே வைக்காத கணக்கையும் விண்டோஸ் வழக்கமாக நெட்வொர்க் வழியே உள்ளே விடாது. சர்வரில் லினக்ஸ் போட்டவர்களுக்கு வேறு சிக்கல். ஃபோல்டரைப் பகிரும் சாம்பா மென்பொருளுக்கென்று தனிப் பாஸ்வேர்டுப் பட்டியல் உண்டு. லினக்ஸில் கணக்கு இருந்தாலும் சாம்பாவில் சேர்க்காவிட்டால் அனுமதி கிடைக்காது.

கடைசியாகத்தான் பெர்மிஷன். விண்டோஸில் ஷேரிங்கில் ஓர் அனுமதி, செக்யூரிட்டியில் ஓர் அனுமதி என இரண்டு இருக்கின்றன. இரண்டில் எது கறாரோ அதுவே செல்லும். ஒன்றில் முழு அனுமதி கொடுத்தும் எழுத முடியவில்லை என்றால், மற்றொன்றில் உங்கள் பெயருக்கு 'ரீட்' மட்டுமே இருக்கும். அங்கே உங்கள் பெயரைத் திருத்தினால் போதும், 'எவ்ரிஒன்' எதற்கு?

2024-ல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்குப் பிறகு பாதுகாப்பைத் தளர்த்தும் இந்தக் குறுக்குவழி அதிகமாகிவிட்டது. அதன் ப்ரோ வகை, பெயரும் பாஸ்வேர்டும் இல்லாத கெஸ்ட் நுழைவை மறுக்கிறது. பாஸ்வேர்டே இல்லாமல் நெட்வொர்க்கில் ஓடிக்கொண்டிருந்த பழைய சேமிப்புப் பெட்டிகள் பல வீடுகளில் ஒரே நாளில் திறக்காமல் போயின. உடனே அந்தப் பாதுகாப்பைத் திரும்ப அணைக்கிறார்கள். பெட்டியிலேயே ஒரு யூசர்நேமும் பாஸ்வேர்டும் உருவாக்குவதற்குப் பத்து நிமிடம் ஆகாது.

எஸ்.எம்.பி 1-ஐ உயிர்ப்பிப்பது இன்னும் மோசம். 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்), அந்த நெறிமுறையை விண்டோஸ் கையாண்ட விதத்தில் இருந்த ஓட்டை வழியாகத்தான் நுழைந்தது. யாரும் எதையும் க்ளிக் செய்யாமலே, 445 என்ற போர்ட் வழியே கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் தாவியது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் சிக்கின. பிரிட்டனில் நோயாளிகளின் சிகிச்சை நேரங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. ஓட்டையை அடைக்கும் பேட்ச் அந்த மார்ச்சிலேயே வந்துவிட்டது என்பதுதான் கொடுமை.

'நம் வீட்டு நெட்வொர்க்தானே, வெளியாள் யார் வரப்போகிறார்கள்?' என்று கேட்பவர்கள் உண்டு. வெளியாள் வர வேண்டியதே இல்லை. பையன் கேம் ஒன்றின் கிராக் வெர்ஷனை இறக்குகிறான், அதோடு ரேன்சம்வேரும் வருகிறது. அது அந்த லேப்டாப்போடு நிற்காது. அங்கிருந்து எந்தெந்த ஷேர்டு ஃபோல்டரில் எழுத முடியுமோ, அங்கெல்லாம் போய் ஃபைல்களைப் பூட்டும். சர்வருக்குள் வைரஸ் நுழையாமலே அதிலுள்ள கல்யாண வீடியோ போய்விடும். 'எவ்ரிஒன் – ஃபுல் கன்ட்ரோல்' என்று டிக் அடிக்கும்போது நாம் அந்த அனுமதியையும் சேர்த்தே கொடுக்கிறோம்.

ஆகவே, வீட்டில் ஒவ்வொருவருக்கும் சர்வரில் தனிக் கணக்கு வேண்டும். போட்டோ, பத்திரம் உள்ள ஃபோல்டர்களில் எல்லோருக்கும் 'ரீட்' மட்டும். புதியவற்றைச் சேர்ப்பதற்குத் தனியாக ஒரு கணக்கு, அதைத் தினசரி வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. அவசரத்துக்கு அணைத்த ஃபயர்வாலையும் உயிர்ப்பித்த எஸ்.எம்.பி 1-ஐயும் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். வெளியூரிலிருந்து பார்ப்பதற்காக ரௌட்டரில் 445 போர்ட்டைத் திறந்திருந்தால் இன்றே மூடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இருக்கட்டும். நகல் எடுத்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். எந்நேரமும் செருகியே கிடக்கும் டிஸ்க்கையும் ரேன்சம்வேர் விட்டுவைக்காது.

அடுத்த முறை டெக்னீஷியன் வந்தால், 'திறந்துவிட்டதா?' என்று மட்டும் கேட்காதீர்கள். என்ன கோளாறு, எதை மாற்றினீர்கள், இப்போது யாருக்கெல்லாம் எழுதும் அனுமதி இருக்கிறது என்று கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள்.